இடப்பக்கம் மூன்று விரல் குட்டை

பழனாத்தாள் என்ற பெயரைப் புவனா முதன்முதலாகக் கேட்டது, கழுத்தில் தாலி ஏறிய மூன்றாம் நாள், துணிக்கொடிக்கு அடியில் நின்றுகொண்டுதான்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், முன்னால் வாழையும் பின்னால் தென்னையுமாக இருந்த தோட்டத்து வீடு அது. வந்த மருமகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாதே என்று காய்ந்த துணியை எடுக்கப் போயிருந்தாள். மாமனார் வேட்டி, மாமியார் சேலை, புருசன் பாலுசாமியின் சட்டை, எல்லாம் எடுத்துத் தோளில் போட்டாயிற்று. கடைசியில் ஒரு பாவாடை கிடந்தது. கருநீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சாதாரணப் பருத்தித் துணி. இடுப்புப் பட்டியைப் பிடித்துத் தூக்கினால் அடி ஓரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. இடப்பக்கம் மூன்று விரல் குட்டை.

"ஏனுங்கத்தெ, இது யாருதுங்க? கோணலா வெட்டிப்போட்டிருக்குது?"

மாமியார் சாமியாத்தாள் எருமைக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். கை வேலையில் இருந்ததால் வாய் தன் போக்கில் பதில் சொல்லிவிட்டது.

"அது பழனாளுது கண்ணு."

"பழனாளுன்னா யாருங்க?"

சாமியாத்தாளின் கை தவிட்டிலேயே நின்றுபோனது. பிறகு எருமையைப் பார்த்துத்தான் சொன்னாள். "உன்ற ஊட்டுக்காரனோட பொறந்தவ. உனக்கு நங்கையா ஆகோணும்."

பெண் கேட்டு வந்தபோது புவனாவின் அப்பா, "கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?" என்று கேட்டதற்கு, "பையன் ஒருத்தன்தானுங்க" என்றார்கள். பொய் என்று சொல்ல முடியாது. பையன் ஒருத்தன்தான். கொங்கு நாட்டில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்யக் கூடப்பிறந்தவள் வேண்டும். அவள் பக்கத்தில் நில்லாமல் அண்ணன் தம்பி எவனும் மணவறை ஏற மாட்டான். பாலுசாமிக்கு இணைச்சீர் செய்தது பெரியப்பன் மகள். அந்தப் பெரியப்பன் கட்டியது சாமியாத்தாளின் சொந்த அக்காளை. ஆகவே பெரியப்பன் மகள் பெரியம்மா மகளுமாக இருந்தாள், உடன்பிறந்தவள் போலவே இருந்தாள். பெண் வீட்டார் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நிஜமான உடன்பிறந்தவள் அந்த மூன்று நாளும் வாழைத்தோப்பு ஓரத்துச் சாளையில் இருந்தாள். உரமூட்டையும் மண்வெட்டியும் போட்டு வைக்கிற ஓட்டுச் சாளை. புவனா அந்தப் பாவாடையைக் கையில் பிடித்தபடியே அங்கே போனாள். உள்ளே ஒருத்தி தையல் மிசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்து நாலு இருக்கும். பாவாடை, மேலே அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டை. வலது கால் மட்டும் மிதிகட்டையை மிதித்தது. இடது கால் சூம்பிப்போய் ஓரமாகக் கிடந்தது.

"கல்யாண வேன் போனதும் தெரிஞ்சுது, வந்ததும் தெரிஞ்சுது" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. "எங்கண்ணன் தாலி கட்டறப்ப கை நடுங்குச்சா அம்மணி?"

புவனா அன்றைக்குப் புருசனிடம் போட்ட சண்டைக்கு வாழைத்தோப்பில் தண்ணீர் பாய்ச்சியவர்கள் எல்லாம் மடையை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். "கூடப் பொறந்தவளச் சாளைக்குள்ள ஒளிச்சு வெச்சுப்போட்டு வந்து என்ற கழுத்துல தாலி கட்ட வெக்கமா இல்லீங்களா?" என்றாள். பாலுசாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைத் திருப்பப் போய்விட்டார். மாமியார்தான் மூக்கைச் சிந்தினாள்.

பழனாத்தாளின் கையைப் பிடித்துப் புவனா அன்றைக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். "எனக்குன்னு ஒரு பொண்ணு பொறந்தா, அவ கல்யாணத்துல நீங்கதானுங்க நங்கையா பாவாடை தைக்கோணும், நீங்கதான் அவளுக்குச் சீலை கட்டி மணவறைக்குக் கூட்டிட்டுப் போகோணும். அத்தைன்னு ஊரே பாக்கோணும்."

பழனாத்தாள் அதை மறக்கவே இல்லை. அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டுதான் அவள் இருபத்தாறு வருசம் அந்த வீட்டில் இருந்தாள் என்றே சொல்லலாம்.

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். இடது கால் வலது காலைவிடக் குட்டையாகிவிட்டது. நின்றால் இடுப்பு இடப்பக்கம் இறங்கும். கடையில் வாங்கிய பாவாடை எதைக் கட்டினாலும் இடது ஓரம் தரையைக் கூட்டிக்கொண்டு போகும், வலது ஓரம் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளைகள், "சீமாறு வருது, வழி உடுங்கடா!" என்று கத்துவார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது.

சேலை கட்டிப் பார்த்தாள். கொசுவம் காலில் மாட்டி இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்தாள். பதினாறு வயதில், அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டிலிருந்து வந்த பழைய மிசினில் உட்கார்ந்து, ஒரு கடைப் பாவாடையைப் பிரித்துப் போட்டு, இடப்பக்கத்தை மூன்று விரல் குறைத்து வெட்டித் தைத்தாள். கட்டிக்கொண்டு நின்றால் ஓரம் சுற்றிலும் ஒரே மட்டமாகத் தரைக்கு மேலே நின்றது. அன்றிலிருந்து தன் பாவாடையைத் தானே தைத்தாள்.

டேப்பை அவள் நம்ப மாட்டாள். சாளையின் கதவு நிலையில் இரண்டு கோடு கீறி வைத்திருந்தாள், வலது இடுப்புக்கு ஒன்று, இடது இடுப்புக்கு ஒன்று. வருசத்துக்கு ஒரு தடவை நிலையை ஒட்டி நின்று சரிபார்த்துக்கொள்வாள். இரண்டரை மீட்டர் துணியை மடித்து, மேலே இடுப்புப் பக்கத்தில்தான் வெட்டிக் குறைப்பாள். அடி ஓரத்தில் கத்திரி வைத்தால் பூவும் கோடும் வெட்டுப்பட்டு, கட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அவள் பாவாடையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் எந்தக் கண்ணுக்கும் கால் தெரியாது. நடந்தால்தான் தெரியும். கொடியில் போட்டாலும் தெரியும்.

புவனாவுக்கு ஒரே பெண், லோகப்பிரியா. நடக்கப் பழகியதிலிருந்து அவளுக்குப் பாவாடை எல்லாம் அத்தை தைத்ததுதான். பள்ளிக்கூடத்துச் சீருடைப் பாவாடைக்கு அத்தை எடுக்கிற மடிப்பு, சாயங்காலம் வரைக்கும் கத்தி மாதிரி நிற்கும். காலேஜ் போனபிறகும், "அத்தெ, நாடா வேண்டாம், எலாஸ்டிக் வெச்சுக் குடுங்க. செல்போன் வெக்க ஒரு ஜோப்பும் வேணும்" என்று துணியைக் கொண்டுவந்து மடியில் போடுவாள். வீட்டில் பாவாடையும் டீசர்ட்டுமாகத் திரிவாள்.

"உம்பட கல்யாணத்துக்கு என்ன கலர்ல பாவாடை?" என்று பழனாத்தாள் கேட்பாள்.

"போங்கத்தெ, சீலைக்கு உள்ள போடறது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல கண்ணு."

மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்தார்கள். லோகப்பிரியாவுக்கு இருபத்து நாலு முடிந்தது. பெண் கிடைக்காமல் பையன்கள் நாற்பது வயது வரைக்கும் அலைகிற காலந்தான் இது. தோட்டம் துரவு இருக்கிற ஒற்றைப் பெண்ணுக்கு வரிசையில் நிற்பார்கள். ஆனாலும் பாலுசாமியும் புவனாவும் கண் வைத்தது, பெரிய கம்பெனியில் வேலை, ஆறு மாசம் ஜெர்மனி ஆறு மாசம் கோயம்புத்தூர் என்று இருக்கிற மாப்பிள்ளைகள் மேல். அப்படி வந்ததில் இரண்டு இடம் தட்டிப்போனது. ஒரு வீட்டார் காரணம் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். இன்னொரு வீட்டார் போனிலேயே கேட்டுவிட்டார்கள்: "அத்தைக்கு இருக்கறது நாளைக்குப் பேரன் பேத்திக்கு வராதுன்னு என்னங்க உறுதி?"

மூன்றாவது வந்தது பீளமேட்டு இடம். மாப்பிள்ளை மனோஜ்குமார். அவனுடைய அம்மா பிறந்தது சென்னிமலையில், பெட்சீட் நெய்து விற்கிற வீட்டில். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

"போலியோன்னு நமக்குத் தெரியும். ஒவ்வொருத்தங்களுக்கும் டாக்டரக் கூட்டியாந்து சொல்ல முடியுமா?" என்றார் பாலுசாமி. தங்கையிடம் சொல்ல வேண்டிய வேலையைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு வாழைக்குப் போய்விட்டார்.

புவனா சாளைக்குப் போனாள். வாசலிலேயே நின்றாள்.

"ஒரே ஒரு நாளைக்கு நங்கையா. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும்."

பழனாத்தாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடிச்சுப் போடும்வரை நிமிரவில்லை.

"உன்ற கல்யாணத்துக்கு மூணு நாள் இருந்தேன். இது ஒரு நாள்தானே" என்றாள். "கல்யாணத்தன்னைக்குச் சொல்லிருவீங்கல்ல அம்மணி?"

"நிச்சயம் முடிஞ்சதும் சொல்லிப்போடலாமுங்க. என்ற வாக்கு வாக்குதானுங்க."

ஞாயிற்றுக்கிழமை பாதகமில்லாமல் நடந்தது. வந்த ஒறம்பரைக்கு ஒப்பிட்டும் காப்பியும் கொடுத்தார்கள். பெண் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எருமை கட்டுகிற கட்டுத்தறியைப் பார்க்கிறேன் என்று பின்பக்கம் போனாள். புவனாவும் கூடவே ஓடினாள். மிசின் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். சாளைக் கதவைச் சாத்தச் சொல்லியிருந்தாள். நிலையில் கீறிய கோடு முதற்கொண்டு நினைத்து, கதவுக்கு முன்னால் வாழைத்தார் சாய்த்து வைத்திருந்தாள். கொடியை மட்டும் பார்க்கவில்லை.

கொடியில் ஒற்றைப் பாவாடை கிடந்தது. பழுப்பில் மஞ்சள் கட்டம். கட்டம் போட்ட துணி என்பதால் கோணல் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

துணியோடு பிறந்து வளர்ந்த கண்ணல்லவா, அந்த அம்மாள் நேரே அங்கேதான் போனாள். ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"யாருதுங்க இது? கோணலா இருக்குது?"

தான் இருபத்தாறு வருசத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி, கிட்டத்தட்ட அதே சொல்லில் திரும்பி வந்ததைப் புவனா கேட்டாள். அன்றைக்குச் சாமியாத்தாளுக்கு வாய் தவறி உண்மை வந்தது. புவனாவுக்கு வாய் தவறவில்லை.

"எங்க லோகு தச்சதுங்க. போன்ல பாத்து நானே தைக்கறேன்னு உக்காந்தா. இப்படிக் கோணிப்போச்சுங்க."

மாப்பிள்ளையின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "தையல் என்னமோ பொடிப்பொடியா நல்லாத்தானுங்க உளுந்திருக்குது. வெட்டத்தான் தெரியல புள்ளைக்கு! போச்சாது போங்க, எங்க பக்கம் எட்டு வெச்சா கடை. இனி இதையெல்லாம் தைக்க வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

முன்பக்கம் போனதும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். லோகப்பிரியா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து அவளும் சிரித்தாள். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கார் கிளம்பிய பிறகு பழனாத்தாள் வெளியே வந்து, கொடியிலிருந்த பாவாடையை எடுத்து மடித்தாள்.

"எனக்கு வெட்டத் தெரியலையாமா?" என்றாள்.

"கேட்டுதுங்களா நங்கையா?"

"கொடிக்கும் சாளைக்கும் இருபதடி. காது நல்லாத்தானே இருக்குது எனக்கு."

அந்தப் பாவாடையை அவள் எடுக்க மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று புவனா இன்று வரைக்கும் கேட்டதில்லை. கேட்டால் எந்தப் பதில் வந்தாலும் அவளால் தாங்க முடியாது.

நிச்சயம் முடிந்தது. பத்திரிகை அடித்தார்கள். சொல்லிவிடலாம் என்றவள், இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினாள். கடைசியில் மகளிடம் கேட்டாள்.

"அத்தைய எப்படிம்மா இப்பக் காட்டறது?" என்றாள் லோகப்பிரியா. "அந்தப் பாவாடை நான் தச்சதுன்னு நீதான சொன்ன? அத்தை நடந்து வந்தா அவங்களுக்கு உடனே புரிஞ்சுபோயிரும். மொத நாளே பொய் சொன்னவங்கன்னு என்னத்தான் பேசுவாங்க. உன்னையா பேசுவாங்க?"

இதையும் பழனாத்தாள் இருபதடியில் இருந்துதான் கேட்டாள். அவர்கள் வந்து சொல்லும்வரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் தானே சமையல்கட்டு வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணத்துக்கு நா வரல அம்மணி. நீ வாய் உட்டுக் கேக்க வேண்டாம்."

"நங்கையா..."

"ஒன்னு மட்டும். புள்ளைக்கு ஊட்டுல போட்டுக்கறதுக்குப் பன்னெண்டு பாவாடை தச்சு வெக்கறேன். சீர்சாமானோட அதையும் அனுப்பிப்போடு. எனக்குப் பதுலா அதாவது போகட்டும்."

அந்த மாசம் பூராவும் மிசின் ஓடியது. பச்சையில் கிளி போட்டது ஒன்று, வெளிர்நீலத்தில் சிறு கோடு ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று. எல்லாவற்றுக்கும் எலாஸ்டிக், எல்லாவற்றுக்கும் வலப்பக்கம் செல்போன் ஜோப்பு, ஜோப்பு கிழியாமல் இருக்க முனையில் இரட்டைத் தையல். பன்னிரண்டும் அடி ஓரம் மட்டம் பிசகாமல் நேராக இருந்தன. தன் பாவாடையை மட்டுமே முப்பது வருசமாகக் கோணலாக வெட்டியவள், அடுத்தவர்களுக்கு ஒரு நாளும் கோணலாக வெட்டியதில்லை. மடித்து ஒரு வெள்ளை வேட்டித்துண்டில் கட்டிக் கொடுத்தாள்.

கல்யாணம் கோயம்புத்தூரில் பெரிய மண்டபத்தில் நடந்தது. பெண்ணுக்குச் சேலை கட்டியது அழகு நிலையத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள். போட்டோ எடுக்கிறவன், "பொண்ணோட சொந்த அத்தை இருந்தா வாங்க" என்று கூப்பிட்டபோது, "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லீங்க" என்று பாலுசாமி சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

பதினைந்து நாள் கழித்துப் புவனா பலகாரத் தூக்கோடு பீளமேட்டுக்குப் போனாள். சம்பந்தி வீட்டில் வேலை செய்கிற பெண் வாசற்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த ஈரத்துணியில் பச்சைக் கிளி இருந்தது. ஜோப்பு முனையில் இரட்டைத் தையல் அப்படியே இருந்தது.

புவனா அதைத் தாண்டி உள்ளே போனாள். காப்பி குடித்தாள். மகளைப் பார்த்தாள், கடையில் வாங்கிய நைட்டி போட்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

தோட்டத்துக்கு வந்ததும் பழனாத்தாள் கேட்ட முதல் கேள்வி அதுதான். "பாவாடை அளவெல்லாம் சரியா இருக்குதாமா?"

"தெனமும் அதைத்தான் போட்டுக்கறாளாமுங்க" என்றாள் புவனா.

பழனாத்தாளின் முகம் மலர்ந்தது. "அந்தக் கிளி போட்டது?"

"அதுதான் ரொம்பப் புடிச்சிருக்குதாமுங்க."

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வந்த அன்றைக்கே லோகப்பிரியா சாளைக்குப் போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அத்தை மேல் அவளுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. புவனா முறுக்குத் தட்டோடு பின்னால் போனாள். போவதற்குள் பேச்சு பாவாடைக்கு வந்திருந்தது.

"அதெல்லாம் எங்க இருக்குதுங்கத்தெ?" என்று லோகப்பிரியா சொல்லிக்கொண்டிருந்தாள். "மூட்டையப் பாத்ததும் எங்க மாமியா, இது நீ தச்சதான்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது? ஆமான்னேன். உன்ற வெட்டு எனக்குத் தெரியுமேன்னு சிரிச்சுட்டு, பிரிச்சுக்கூடப் பாக்காம வேலைக்காரம்மாகிட்டக் குடுத்துட்டாங்க."

"ஒன்னையாவது பிரிச்சுக் காட்டிருக்கலாமே கண்ணு."

"காட்டுனா, நேரா வெட்டத் தெரியும்னா அன்னைக்கு ஏன் கோணுச்சுன்னு கேப்பாங்கல்லங்கத்தெ."

பழனாத்தாள் தலையை ஆட்டினாள். நியாயமான பதில்தான் என்பது போல ஆட்டினாள். பிறகு வாசலில் தட்டோடு நின்ற புவனாவை நிமிர்ந்து பார்த்தாள். கிளி போட்டது ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொன்ன வாயைப் பார்த்தாள். ஏச்சு இல்லை, அழுகை இல்லை. ஏசியிருந்தால் புவனாவுக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கோபியில் பழனாத்தாள் வழக்கமாகத் துணி வாங்குகிற கடை அப்துல் குத்தூஸ் பாயுடையது. அவர் தங்கை இஸ்மத் பீளமேட்டில் வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதி நடத்துகிறாள். துணி தைக்க, கிழிசல் அடைக்க ஆள் வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது பழனாத்தாளுக்குத் தெரியும். ஆடி முடிந்த மறுநாள் பாயின் சரக்கு ஆட்டோ தோட்டத்துக்குள் வந்தது. மிசினை ஏற்றினார்கள். பாலுசாமி தென்னைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இத்தனை வயதுக்கு மேல் அழுவது அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

புவனா ஆட்டோவை மறித்துக்கொண்டு நின்றாள். "இப்படி உட்டுப்போட்டுப் போனா ஊர்ல எங்கள என்னன்னு பேசுவாங்க நங்கையா?"

"எதுக்குப் பேசறாங்க?" என்றாள் பழனாத்தாள். "உன்ற கல்யாணத்துலயும் நா இல்ல, உன்ற புள்ள கல்யாணத்துலயும் நா இல்ல. இல்லாதவ ஊட்ட உட்டுப் போனா யாருக்கு அம்மணி தெரியப்போகுது?"

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆட்டோவின் கம்பியைப் பிடித்து ஏறினாள். ஏறி நின்றபோது பாவாடையின் ஓரம் சுற்றிலும் மட்டமாகவே இருந்தது.

லோகப்பிரியா இப்போது ஏழு மாசக் கர்ப்பிணி. மாமியார் வீட்டில் நன்றாகவே வைத்திருக்கிறார்கள். பழனாத்தாள் பீளமேட்டில், இஸ்மத்தின் விடுதியில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறையில் இருக்கிறாள். அங்கிருந்து லோகப்பிரியாவின் வீட்டுக்கு இரண்டு பஸ் நிறுத்தம்.